பேரம் பேசிய ஆமையும் மலிவு விமானமும்

ஒரு காட்டில், விமான நிலையம் வந்த பிறகும் செவ்வாய்ச் சந்தை தவறாமல் கூடுகிற காட்டில், சடையாண்டி என்றோர் ஆமை இருந்தார். குளத்துச் சேற்றிலிருந்து வெறும் ஓட்டோடு கரையேறி, தாமரைக் கிழங்கு வியாபாரத்தில் தலையெடுத்தவர். யார் என்ன விலை சொன்னாலும் அவருக்கு முதலில் கோபம் வரும். பிறகுதான் என்ன பொருள் என்று பார்ப்பார்.

அவர் மனைவி மரகதம் குளத்தையும் சந்தையையும் தவிர வேறெதையும் கண்டதில்லை. "ஒரே ஒரு தடவை கடல் தாண்டித் தீவுக்குப் போயி, மணல்ல ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணுங்க" என்று கல்யாணமான நாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் அன்றிலிருந்தே "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூழைக்கடாப் பறவைகள் மலிவு விமானம் விட ஆரம்பித்ததும் அந்தப் பதில் செல்லாமல் போயிற்று. டிக்கெட் எடுத்தார். இந்த முறை அவளை ஏமாற்றக் கூடாது என்று மனசுக்குள் சத்தியமே செய்துகொண்டார்.

கூழைக்கடாவின் அலகுப் பைக்குள் பலகை அடித்திருப்பார்கள். அதுதான் சீட்டு. சீட்டுக்கு நம்பர் கிடையாது, ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்களுக்குத்தான். டிக்கெட் மலிவு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தண்ணீருக்குத் தனிக் காசு, போர்வைக்குத் தனிக் காசு. வரிசையில் முன்னால் நின்ற மயில், தோகையை விரிக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே போக முடிந்தது. பின்னால் நின்ற கரடி, பெட்டியின் எடையைக் குறைப்பதற்காக நான்கு சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தது.

கவுண்ட்டரில் ஒரு மைனா, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு சிரித்தது.

"சார், அளவு பார்க்கணும், உங்க ஓட்டை இந்தக் கம்பிச் சட்டத்துக்குள்ள வைங்க."

"ஓடு லக்கேஜ் இல்லம்மா. உடம்பு."

"முதுகுல எது இருந்தாலும் லக்கேஜ்தான் சார்."

மரகதத்தின் ஓடு சிக்கென்று சட்டத்துக்குள் இறங்கியது. சடையாண்டியின் ஓடு இறங்கவில்லை. மூச்சைப் பிடித்தார், வயிற்றை எக்கினார், மரகதம் மேலே ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தாள். விளிம்பு துருத்திக்கொண்டே நின்றது.

மைனா ஒரு தொகையைச் சொன்னது. டிக்கெட் விலையைவிட அதிகம்.

"என்னது! இந்தக் காசுக்கு உங்க கூழைக்கடாவையே குத்தகைக்கு எடுத்துடலாமே! கழட்டி வச்சிட்டு வரட்டுமா அப்ப?"

"அது உங்க சௌகரியம் சார்."

"பாதி தர்றேன்."

"ஃபிக்ஸட் ரேட் சார்."

அந்த வார்த்தையைச் சந்தையில் சொன்னவர்கள் எல்லாம் பிறகு சடையாண்டியிடம் பாதி விலைக்கு விற்றவர்கள்தான். மரகதம் அவர் காதோரம் குனிந்தாள்.

"கட்டிட்டு வந்துடுங்களேன். நமக்கென்ன இல்லையா?"

"நடுவுல பேசாத புள்ள, விலை ஏறிடும். நீ போயி எனக்கும் சேர்த்துத் துண்டு போட்டு இடம் பிடி. நான் இவங்களை ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்."

அவள் துண்டை வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே உள்ளே போனாள். சடையாண்டி கவுண்ட்டருக்கு முதுகைக் காட்டினார். "வேண்டாம்மா, வச்சுக்க உன் விமானத்தை" என்று நடையைக் கட்டினார்.

இதுதான் அவருடைய தொழில் ரகசியம். முயல் கோபித்துக்கொண்டு போனால் வியாபாரி மனசு மாறுவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடும். ஆமை அப்படியா? வியாபாரி யோசிக்க, வருந்த, நாக்கைக் கடித்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் அவகாசம் உண்டு. முதல் தடவை கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கு நிற்கலாம், திரும்பக் கூடாது. மூன்றாவது தடவைதான் வேண்டாவெறுப்பாகத் திரும்ப வேண்டும். இந்த முறையில் அவர் வாங்காத பொருளில்லை.

பின்னால் மைனா, "அடுத்தவங்க வாங்க" என்றது. சடையாண்டி அசரவில்லை. இட்லிக் கடையைத் தாண்டினார். கழிப்பறையைத் தாண்டினார். கழுத்தை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, காதைப் பின்னால் விட்டு நடந்தார். சத்தமே இல்லை. நடையை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணி சடையாண்டி, உடனே விமான வாசலுக்கு வரவும்."

அவருக்கு நெஞ்சு விம்மியது. காடே கேட்கும்படி அல்லவா கூப்பிடுகிறார்கள்! இறங்கி வருகிறார்கள்!

கரடி தன் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடியது. "யோவ் பெரியவரே, உம்மைத்தான்யா கூப்பிடுறாங்க!"

"தெரியும் தம்பி. நீங்க சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுக்காதீங்க."

"பயணி சடையாண்டி, இதுவே கடைசி அழைப்பு."

சடையாண்டி நின்றார். திரும்பவில்லை. கடைசி விலை, கடைசி விலை என்று எத்தனை பேர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்! கடைசி என்று சொன்ன பிறகுதானே பேரமே ஆரம்பிக்கிறது. இன்னும் ஒரே ஒரு குரல். அவர் முகத்தில் வேண்டாவெறுப்பை வரவழைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குரல் வரவில்லை. தலைக்கு மேலே பெரிய சிறகுச் சத்தம் வந்தது. கூரைக் கண்ணாடி வழியாகக் கூழைக்கடாவின் வெள்ளை வயிறு கடலை நோக்கிப் போனது.

அவர் தன் வாழ்க்கையிலேயே மிக வேகமாகக் கவுண்ட்டருக்குத் திரும்பினார். மைனா அதே சிரிப்போடு இருந்தது.

"வாசல் மூடியாச்சு சார். டிக்கெட் பணம் திரும்ப வராது சார்."

சடையாண்டி கவுண்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... அந்த ஓட்டுக் காசு கட்ட வேண்டியதில்லையே?"

"இல்ல சார்."

"பார்த்தியா! ஒத்தைப் பைசா குடுக்கல!" என்றார். குரல்தான் சரியாக எழும்பவில்லை.

சாயங்காலம் மரகதம் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் நீலமாய்க் கடல்.

"துண்டு போட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேங்க, நீங்க வரல. ரொம்ப அழுதேன். அப்புறம் உங்க இடத்துல காலை நீட்டினேன். சுகமா இருந்துச்சு. ஓட்டுக்குள்ள மடக்கியே பழகின காலு பாருங்க. தண்ணி பாட்டில் விலைக்குச் சண்டை போட ஆள் இல்லையா, வழி பூரா நல்ல தூக்கம்."

"போட்டோ?"

"கரடித் தம்பி எடுத்துக் குடுத்துச்சு. நாலு சட்டையையும் கழட்டிட்டு கடல்ல ஆட்டம் போடுது. ஏங்க, உங்களுக்கு ஒரு தொப்பி வாங்கியிருக்கேன்."

"என்ன விலை சொன்னான்?"

"சொன்ன விலையைக் குடுத்துட்டேன்."

சடையாண்டி மெல்லத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நீதி: விமானத்தில் தாராளமாகக் காலை நீட்ட விரும்பும் பெண்கள், அதற்கென்று தனிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, பேரம் பேசத் தெரிந்த கணவனுக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்.