ஐந்து நாள் மலையும் கனகலிங்கத்தாரின் மீசையும்

கனகலிங்கம் அந்த வியாழக்கிழமை காலையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவரும் அவரே, வழிமொழிந்தவரும் அவரே. எதிர்ப்பு எழவில்லை. எதிர்க்கட்சி அந்த ஜெர்மன் அகதி விடுதியின் கீழ்மாடிப் பொதுக் குசினியில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தது. தீர்மானம் இதுதான்: இந்த விஷயம் மனைவி கமலநாயகிக்குத் தெரியவே கூடாது.

விஷயம் அவர் கையில் இருந்தது. கதவுக்குக் கீழால் வந்து கிடந்த நீல ஏரோகிராம். ஊரிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி விமலநாதன் எழுதியது. பதினொரு வரி. ஆறாவது வரியில் பாஸ்கரன் கடைக்குப் போனான். ஏழாவது வரியில் சந்தியில் ஷெல் விழுந்தது. எட்டாவது வரியை அவர் ஒரு தரம்தான் வாசித்தார்.

பாஸ்கரன் ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னர் பொலிஸ் தேடியது தகப்பனைத்தான். "முதல்ல நீங்கள் அம்மாவோட போங்கோ, நான் பிறகு வாறன்" என்று பஸ் ஏற்றி விட்டவன் அவன். அந்தப் 'பிறகு' வருவதற்குள் எட்டாவது வரி வந்துவிட்டது.

கடித ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் தட்டிவிட்டார். முப்பது வருஷம் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டிய கை அது. பசையைப் பற்றி அந்தக் கைக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அன்று அவருக்குக் கண் தெரியவில்லை.

கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள், தன் பழைய துண்டுப்பிரசுரக் கட்டுக்கு நடுவில் வைத்தார். கலியாணம் கட்டிய நாள் முதல் கமலநாயகி தொடாத ஒரே பொருள் அந்தக் கட்டு. நாட்டில் அதைத் தொடாதவர்கள் வேறும் பலர் இருந்தார்கள்.

துண்டுப்பிரசுரம் என்றால் லேசில்லை. 'செத்தவனுக்குச் சோறு ஏன்?' என்று எட்டுப் பக்கத்தில் எழுதிச் சந்தை வாசலில் கொடுத்தவர் அவர். எழுதியதோடு நிற்கவில்லை. சொந்தத் தகப்பன் செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியைக்குச் சொந்தபந்தம் எல்லாம் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக, மூத்த மகன் மட்டும் மேடையில் நின்று மூடநம்பிக்கையை எதிர்த்து ஒன்றரை மணித்தியாலம் முழங்கினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினாறு பேர். அதில் இரண்டு பேர் மைக் செற்காரர்.

கமலநாயகி பருப்புச் சட்டியோடு அறைக்குள் வந்தாள்.

"கடிதம் ஏதும் வந்ததோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"எல்லாரும் சுகமாம்."

"பாஸ்கரன்?"

மேடையில் ஒருநாளும் பேச்சைத் தேடாத மனிதர் பேச்சைத் தேடினார். கண் சுவரில் போய் முட்டியது. சுவரில் ஒரு படம். யானை நிற்கும் புல்வெளி, அதற்குப் பின்னால் பனித்தொப்பி போட்ட மலை. தேவாலய மண்டபத்தில் போன மாதம் மலைப்படம் காட்டிய ஹெர் லூடர்ஸ் என்ற இளைப்பாறிய வாத்தியார் கொடுத்தது. கனகலிங்கம் அங்கே போனது கேக்குக்காக.

"ஆபிரிக்காவில நிக்கிறான்."

"எங்க?"

"ஆபிரிக்காவில. கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலைய வழியை மூடிப்போட்டாங்கள் அல்லோ? ஏஜென்சிக்காரன் அந்தப் பக்கத்தால சுத்திக் கொண்டாறான். இப்ப தான்சானியா."

கமலநாயகி சட்டியைக் கீழே வைக்கவில்லை. அவரையே பார்த்தாள். பருப்பு ஆறும் மட்டும் பார்த்தாள்.

"அங்க என்ன செய்யிறான்?"

"மலை ஏறுறான்."

"மலையோ?"

"கிளிமஞ்சாரோ. வெள்ளைக்காரர் ஏறப் போறவை. அவையின்ர சாமான் தூக்கிற வேலை. வழிகாட்டி இருக்கிறான், சமையல்காரன் இருக்கிறான். பயமில்லை."

"எத்தினை நாள் மலை?"

"ஐஞ்சு நாள்."

"சப்பாத்து இருக்கோ அவனுக்கு?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"இருக்கு."

"அளவானதோ? அவனுக்கு இடக்கால் கொஞ்சம் பெரிசு."

"அளவானது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் கீழே போனாள். அன்று கறி இரண்டுதான். ஆனால் ஒரு கிலோ வெங்காயம் உரித்திருந்தாள். கண் இரண்டும் செவ்வரத்தம்பூ.

கனகலிங்கம் தன் முதுகைத் தானே தட்டிக்கொடுத்தார். இவ்வளவு சுலபமாக நம்பிய கூட்டத்தை அவர் தன் அரசியல் வாழ்க்கையில் கண்டதில்லை. ஹம்பேர்க்குக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவதென்றாலும் மாவட்டம் தாண்ட அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, கந்தோர் வாசலில் இரண்டு நாள் காயவேண்டிய அகதி அவர். மகனை ஒரு அன்ட்ராக்கும் இல்லாமல் ஆபிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்.

அனுப்பிய பிள்ளையை ஏற்றவேண்டுமே. அடுத்த நாளே ஹெர் லூடர்ஸ் வீட்டுக்குப் போய், அரைகுறை ஜெர்மன் மொழியில் மலையை விசாரித்துக்கொண்டு வந்தார். முதல் நாள் மழைக்காடு, முடிவில் ஒரு மரக்கொட்டில். இரண்டாம் நாள் பற்றை வெளி, இன்னொரு கொட்டில். மூன்றாம் நாள் புல்லும் முளைக்காத கல்வெளி, கற்சுவர்க் கொட்டில். பிறகு உச்சி. வழிகாட்டி முன்னால் நடந்தபடி "போலே, போலே" என்று சொல்லிக்கொண்டே இருப்பானாம். மெல்ல, மெல்ல. ஓடுகிறவன் உச்சியைக் காணமாட்டான்.

கனகலிங்கம் மெல்லவே ஏற்றினார். பின்னேரத் தேத்தண்ணியோடு ஒரு துண்டு மலை. மழைக்காட்டுக்கு மட்டும் ஒரு கிழமை போனது.

"ஐஞ்சு நாள் மலை எண்டியள்" என்றாள் கமலநாயகி.

"மழை. வழுக்குது. போலே போலே."

"சாப்பிட்டானோ?"

"சோளமாக் களி."

"கறி?"

"கீரை."

"மச்சம் இல்லைத்தானே?"

"மலையில ஏது மீன்?"

"அதுதான் கேட்டனான்."

வீட்டிலும் மீன் இல்லை. கடிதம் வந்த அன்றே நின்றுபோனது. வாராந்த உணவுப் பொதியில் வரும் மீனைப் பக்கத்து அறை ரஞ்சினியிடம் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கினாள்.

"டொக்டர் சொன்னவர். உங்கட பிறஷருக்கு மச்சம் ஆகாதாம்."

"எனக்கு முன்னாலதானே சொன்னவர்? எனக்குக் கேக்கேல்லையே!"

"உங்களுக்கு ஜெர்மன் விளங்காது."

"உனக்கு விளங்குமோ?"

"அவர் கையால மீன் மாதிரிக் காட்டி, வேண்டாம் எண்டவர்."

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார முன்னர் ஒரு பிடி சோறு யன்னலுக்கு வெளியே போனது. கேட்டால், "பனிக்குள்ள காகம் பட்டினி" என்றாள். இந்த நாட்டில் காகத்துக்கும் புகலிடம் கிடைக்கிறது என்று அவர் கசந்துகொண்டார். அவருடைய விண்ணப்பம் ஒருதரம் தள்ளுபடியாகியிருந்தது.

இரண்டாவது கொட்டிலுக்குப் போன பின்னேரம் அவர் தன்னை மறந்துவிட்டார்.

"சுமைதூக்கிகள் எல்லாம் மூட்டையைக் கீழ வைச்சிட்டாங்கள். வேலைநிறுத்தம்! ஆளுக்கு ஒரு போர்வை கூடத் தரவேணும். தலைமை ஆர் தெரியுமோ? எங்கட பாஸ்கரன்!"

"அவன் நாலு பேருக்கு முன்னால வாய் திறக்காத பிள்ளையெல்லே?"

"மலையில திறந்திட்டான்."

"போர்வை குடுத்தவையோ?"

"குடுக்காமல்? ஒற்றுமையா நிண்டா எவனும் குடுப்பான்."

"நல்லது. குளிராமல் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கமலநாயகி வெங்காயம் உரிக்கப் போனாள். வெங்காயம் நேற்றே முடிந்திருந்தது.

மூன்றாவது கொட்டிலுக்கு வந்ததும் மலை நின்றுவிட்டது. கனகலிங்கத்தால் அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. உச்சிக்கு ஏற்றினால் இறக்கவேண்டும். இறக்கினால் அவன் கடிதம் போடவேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவர் எங்கே போவார்? இன்று காற்று, நாளை மூடுபனி, வழிகாட்டிக்குப் பல்வலி என்று பத்து நாளாகப் பிள்ளையைக் கல்வெளியில் வைத்திருந்தார். நெஞ்சுக்குள் அந்த எட்டாவது வரி தனியே நடந்து திரிந்தது. சொல்லிவிடவேண்டும் என்று தினமும் ஒரு தீர்மானம் வந்தது. தினமும் ஒத்திவைக்கப்பட்டது.

மாசி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. விடிந்ததும் ரஞ்சினி தலையை உள்ளே நீட்டினாள்.

"அக்கா, மேல்மாடி எல்லாருக்கும் பேனாம்!"

கமலநாயகி சோப்பும் சவர அலகும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள்.

"இருங்கோ. மொட்டை அடிக்கவேணும்."

"எனக்குப் பேன் இல்லை!"

"வந்தாப் பிறகு அன்ட்ராக் போட்டோ அனுப்புவியள்? குனியுங்கோ."

தலை போனது. அலகு மூக்குக்குக் கீழே இறங்கியது. கனகலிங்கம் துள்ளி எழும்பினார்.

"மீசை ஏனப்பா?"

"மயிர் எண்டா மயிர்தான். பேன் என்ன கட்சி பாத்தோ ஏறுது?"

"இஞ்சேர், இது அறுபத்தொண்டில சத்தியாக்கிரகம் இருந்து கச்சேரிக் கந்தோர் வாசலில குண்டாந்தடி கண்ட மீசை!"

"பேனுக்குச் சரித்திரம் தெரியாது. அசையாதேங்கோ."

"அலகை ஏன் நிப்பாட்டினனீ?"

"குளிருது."

மீசை போனது. கண்ணாடியில் ஒரு கிழவன் அவரைப் பார்த்தான். யாரென்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

"குளிச்சிட்டு வாங்கோ. ஆத்துக்குப் போவம்."

"இந்தக் குளிருக்குள்ள என்னத்துக்கு?"

"வாத்துக்குச் சோறு போட. பாவம், ஆறு உறைஞ்சு கிடக்கு."

எல்பே ஆறு விடுதியிலிருந்து பத்து நிமிஷ நடை. கரையோரம் பனிக்கட்டி, நடுவில் கறுத்த தண்ணீர், அதில் ஏழெட்டு வாத்து. கமலநாயகி ஒரு கிண்ணத்தைத் திறந்தாள். உள்ளே உருட்டி வைத்த சோறு, மூன்று உருண்டை.

"வாத்துக்கு ஏன் எள்ளு?"

"ஜெர்மன் வாத்து. எள்ளுப் போட்ட பாண் திண்டு பழகினது. சப்பாத்தைக் கழட்டுங்கோ, சகதி. இஞ்சால திரும்பி நிண்டு போடுங்கோ."

"வாத்து அங்காலயெல்லே நிக்குது?"

"வரும். தெற்கை பாத்துப் போடுங்கோ. இண்டைக்குப் பிள்ளையை உச்சிக்கு ஏத்திப்போடுங்கோ. களைச்சுப் போனான்."

வெறுங்காலோடு பனியில் நின்று கனகலிங்கம் முதல் உருண்டையைப் போட்டார்.

"விடியக்காலமை வெளிக்கிட்டிட்டாங்கள்" என்றார். "செங்குத்து. ரெண்டு அடி வைச்சா ஒரு அடி சறுக்குது. வழிகாட்டி போலே போலே எண்டுறான்."

"கையைப் பிடிச்சிருக்கிறானோ?"

"பிடிச்சிருக்கிறான்."

"அடுத்ததைப் போடுங்கோ."

போட்டார்.

"உச்சியில ஒரு பலகை. முந்தி அந்த உச்சிக்கு ஜெர்மன் ராசாவின்ர பேர். அறுபத்தொண்டில அதை எடுத்துப்போட்டு, தங்கட பாஷையில விடுதலை எண்டு பேர் வைச்சாங்கள். அறுபத்தொண்டில அவங்களுக்கு விடுதலை, எங்களுக்குக் குண்டாந்தடி. ஏன் தெரியுமோ? எங்கட தலைவர்மார்..."

"கூட்டத்தைப் பிறகு வையுங்கோ. பிள்ளை வந்திட்டானோ?"

"வந்திட்டான்."

"குளிரோ?"

"குளிர்தான். ஆனா சூரியன் வந்திட்டுது. எல்லாம் வெளிச்சம்."

"மற்றதையும் போடுங்கோ."

மூன்றாவது உருண்டை தண்ணீரில் விழுந்தது. ஒரு வாத்து விழுங்கியது. கனகலிங்கம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இனி அவன் இறங்கவேணும்... கமலம், நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும்."

"இறக்க வேண்டாம். அங்கேயே நிக்கட்டும்."

"இல்லையப்பா, நான் சொல்ல வந்தது..."

"தண்ணியை அள்ளித் தலையில மூண்டுதரம் தெளியுங்கோ. இண்டைக்கு முப்பத்தொண்டு."

"இண்டைக்கு இருபத்தொண்டெல்லோ?"

"திகதி இல்லை. கடிதம் வந்து முப்பத்தொண்டு."

கனகலிங்கம் தலையைத் தடவினார். மொட்டை. மேலுதட்டைத் தடவினார். வெறுமை. மீனில்லாத ஒரு மாதம், காகம் தின்ற சோறு, வாத்து தின்ற எள்ளு, எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னே நின்றன. வாழ்நாள் முழுக்க எதிர்த்துக் கத்திய மனிதர், பெற்ற பிள்ளைக்குச் செத்தவீட்டுத் துடக்குக் காத்து, அந்தியேட்டியைத் தலை முதல் கால் வரை, ஒரு குறையும் வைக்காமல் செய்து முடித்திருந்தார். ஐயர் மட்டும் இல்லை. கொள்கையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"உனக்கு எப்பிடி...?"

"விடுதி பாக்கிற ஹவுஸ்மைஸ்டர் குசினியில என்ர கையிலதான் கடிதத்தைத் தந்தவன். வாசிச்சன். சோத்தால ஒட்டிக் கதவுக்குக் கீழால தள்ளிவிட்டன். தனிய இருந்து அழுதிட்டு வந்து சொல்லுவியள் எண்டு பாத்தன். நீங்கள் ஆபிரிக்காவுக்குப் போட்டியள்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் ஏத்த ஏத்த, அவன் ஏறிக்கொண்டுதானே இருந்தவன். மறிக்க எனக்கு மனம் வரேல்லை."

"கிரியை செய்யவேணும் எண்டு கேட்டிருந்தா, நான் செய்திருக்கமாட்டனோ?"

"உங்கட அப்பாவுக்குச் செய்தனியளோ?"

அதற்கு அவரிடம் துண்டுப்பிரசுரம் மட்டுமே இருந்தது. கரையில் இருந்த கல்லில் குந்தி, முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டு, முப்பத்தொரு நாள் அழுகையையும் ஒரே அடியாக அழுதார். கமலநாயகி அழவில்லை. அவளுடையது வெங்காயத்தோடு போயிருந்தது. கம்பளித் தொப்பியை எடுத்து அவருடைய மொட்டைத் தலையில் போட்டுக் காது வரைக்கும் இழுத்துவிட்டாள். குனிந்து அவருடைய பாதங்களைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்து, சப்பாத்தை மாட்டினாள்.

"எழும்புங்கோ, மீசை வளரும், சனிக்கிழமை, மீன்கடைக்காரன் ஒரு மணிக்குப் பூட்டிப்போடுவான்."