மாமனார் வீட்டு இரும்பு பார்

மசூது, இரு முனையிலும் எடைக்குண்டு கோத்த அந்த இரும்பு பாரைத் தலைக்குமேல் தூக்கியதும் முற்றத்துத் தென்னைமரம் இரண்டாகத் தெரிந்தது. மூன்றாவது முளைப்பதற்குள் ‘தொம்’மென்று கீழே போட்டான்.

“என்ன மாப்ள, அதுக்குள்ள இறக்கிட்டிய?” என்றார் மாமனார் அகமது கபீர். தென்காசியில் அவரைப் பயில்வான் என்றால்தான் தெரியும்.

“தலை கிறுகிறுங்குது மாமா.”

“மூச்சை அடக்கித் தூக்கணும். இன்னொருக்கா தூக்குங்க, பாப்போம்.”

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாசம். கல்யாணம் முடிந்த கையோடு விருந்துக்கு வந்த இடம். ஜன்னலுக்குப் பின்னால் புதுப்பெண் ஜன்னத் நிற்கிறாள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மூச்சை அடக்கித் தூக்கினான். இப்போது மாமனாரும் இரண்டானார்.

“வெறும் வயிறு, அதான்!” என்று பயில்வான் ஆட்டுக்கால் சூப்பும் அவித்த முட்டையும் வரவழைத்தார். அடுத்த தடவை பாரோடு முட்டையும் மேலே வந்தது.

“நரம்பு இறுகிக் கெடக்கு” என்று குற்றாலத்துக்கு இழுத்துப் போனார். அங்கே எண்ணெய் தேய்க்கும் சுடலைக்கண்ணு, மசூதை மாவாகப் பிசைந்து அருவிக்குள் தள்ளிவிட்டான்.

நனைந்த கோழியாகத் திரும்பினால், முற்றத்தில் தெருவே கூடியிருந்தது.

“பயில்வான் மருமவன் பார் தூக்குதாராம்லே!”

ஜன்னத் கதவோரம் கிசுகிசுத்தாள். “முடியலன்னா விட்ருங்க, மச்சான்.”

“உங்க வாப்பா முன்னாலயா?”

பிஸ்மி சொல்லிக் குனிந்தான். முழங்கால், நெஞ்சு, தலைக்குமேல்! கூட்டம் கைதட்டியது. எண்ணெய்க் கை வழுக்கியது. பார் பின்னால் விழுந்து வாழையைச் சாய்த்தது. மசூது முன்னால் விழுந்து மாமனாரைச் சாய்த்தான்.

கண் திறந்தபோது முகமெல்லாம் தண்ணீர். பக்கத்தில் பயில்வான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிருங்க மாமா. ஊருக்கு முன்னால உங்க மானத்தை வாங்கிட்டேன்.”

பயில்வான் அவன் புஜத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

அதுவரை மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியிராத மாமியார் ஹைருன் பீவியின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“அட நீங்க ஒண்ணு, மருமவனே! அந்த இரும்பு வந்த நாள்லருந்து இவரால முழங்காலுக்கு மேல தூக்க முடியல. நீங்க தூக்கினதைக் கண்ணால கண்டும் நம்பாமத்தான், காலையிலருந்து திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லுதாரு!”