ஸ்டாம்பு சாமியாரின் ஞானக்கண்

செருப்புக் கடை மாடியில்தான் கடல் தாண்டும் கதவு திறக்கிறது என்று ஊரே நம்பியது. தூதரகம் தராத விசாவை ஸ்டாம்பு சாமியார் தருவாராம்! கணவனிடம் போகத் துடிக்கும் மனைவிகள், மனைவியிடம் போகத் துடிக்கும் கணவர்கள், இவர்களைவிட அவசரப்படும் மாமியார்கள் என்று காலை ஏழு மணிக்கே படிக்கட்டு நிரம்பிவிடும். டோக்கன் மட்டும் கீழே ஜெராக்ஸ் கடையில். விண்ணப்பக் கோப்பை அங்கே ஒரு பிரதி எடுத்தால்தான் டோக்கன். அந்த மிஷினின் வெளிச்சம் தெய்வீகமானதாம். கடைக்காரர் சாமியாரின் மைத்துனராக இருந்தது வெறும் தற்செயல்!

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அவள் மாமியார்தான் இழுத்து வந்தாள். கல்யாணமாகிப் பதினாலு மாதம். கணவனோடு இருந்தது இருபத்திரண்டு நாள். மிச்சக் குடித்தனமெல்லாம் போனில்தான். கல்யாணம் நிஜம் என்று நிரூபிக்க, அந்தக் கொஞ்சல்களையெல்லாம் அச்செடுத்து அறுபது பக்கம் கோப்பில் சேர்த்திருந்தாள்.

சாமியார் கண்ணை மூடினார். மூக்கு விடைத்தது.

"உன் புருஷன் உன்னைச் சுண்டெலின்னு கூப்பிடுவான்!"

மாமியாருக்குப் புல்லரித்தது. "பெத்த எனக்கே தெரியாதே, சாமி!"

மருமகளை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கேட்டாள்: "ஏன் அப்படிக் கூப்பிடுறாரு, சாமி?"

"அது உங்க அந்தரங்கம்மா. அதுல நான் நுழைய மாட்டேன்."

என்ன நாகரிகம்! செல்லப்பெயர் கோப்பில் இருந்தது; காரணம் இல்லை. அவளுக்குப் பொறி தட்டியது.

அதற்குள் திருமணச் சான்றிதழின் அசலை வாங்கிப் பலகைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார் சாமியார். "நாப்பது நாள் என் சூட்டுல இருக்கணும்."

தூதரக நேர்காணலுக்கு இருந்ததோ ஒன்பதே நாள். பக்கத்திலேயே ஒரு புதுமாப்பிள்ளை, அசல் இல்லாமல் நேர்காணலுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவன், இன்னும் பக்தியோடு உட்கார்ந்திருந்தான். அவள் வாயைத் திறக்குமுன் மாமியார் அவள் கையைக் கிள்ளினாள். "என் பையன் வாழ்க்கையில விளையாடாத. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். வீட்டுக்குப் போய், கணவன் எழுதியதுபோல ஒரு பக்கம் தயாரித்தாள். மூன்றாம் நாள் 'கூடுதல் ஆதாரம்' என்று அதை ஜெராக்ஸ் கடை மைத்துனரிடம் கொடுத்துப் பிரதி எடுத்து, மாமியாரோடு மாடியேறினாள்.

சாமியார் நடுங்கினார். "தடை தெரியுது... வாயில தெரியுது! உன் மகனுக்கு முன்பல் நாலும் பொய்ப்பல். பெத்தவகிட்டயே மறைச்சிட்டான்!"

"என் ராசாவுக்குப் பொய்ப்பல்லா?" மாமியார் அங்கேயே மகனை வீடியோ காலில் பிடித்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் தலைக்கு வலை மாட்டி நின்றவன் பதறிப்போனான்.

"என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

"வாயைத் திற!"

"அம்மா, சூப்பர்வைசர் பாக்குறாரு..."

"திறடா! முன்பல்லைப் பிடிச்சு இழு!"

இழுத்தான். ஆட்டினான். "வலிக்குதும்மா!" என்று அலறினான். மாடியே அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தது. நாலும் சொந்தப் பல்.

"அது... போன ஜென்மத்துப் பல்," என்றார் சாமியார்.

மருமகள் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். "இதை எழுதினது அவரு இல்ல, நான். அவரு வாயில இல்லாத பொய்ப்பல் கீழ ஜெராக்ஸ் மிஷின்ல மட்டும்தான் இருந்துச்சு. உங்களுக்கு இருக்கிறது ஞானக்கண் இல்ல சாமி, மைத்துனர் கண்!"

கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் தடதடவென்று இறங்கியது. முதலில் பாய்ந்தவள் மாமியார். பலகையைச் சாமியாரோடு சேர்த்துக் கவிழ்த்தாள். முப்பது குடும்பங்களின் சான்றிதழ்கள் வேர்வை வாடையோடு வெளியே வந்தன. ஆளாளுக்குத் தேடினார்கள். சாமியாருக்கோ படிக்கட்டைத் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது.

மகளுக்காக வந்திருந்த ஒருவர் மட்டும் மெல்ல நெருங்கினார். "அப்போ நல்ல சாமியாரா வேற யாராவது இருக்காங்களாம்மா?"

அவள் தன் சான்றிதழைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"விண்ணப்பப் படிவத்துல முப்பத்திரண்டு பக்கம் இருக்குங்க. எந்தப் பக்கத்துலயாவது சாமியார் கையெழுத்துக்குன்னு இடம் விட்டிருக்காங்களா? உங்களுக்கே சொந்தமா ரெண்டு கண்ணு இருக்கே, அதை வச்சு ஒரு தடவையாவது படிச்சுப் பாத்தீங்களா?"