நம்பக்கூடாத நோயாளி

"சார், நோயாளி இன்னும் வரலையே!" என்றார் நர்ஸம்மா.

அடிபட்டவராக நடிக்கத் தலையாட்டியிருந்த எழுத்தர் போனையே எடுக்கவில்லை. பயிற்சி ஒத்திகையைச் சோதிக்க வந்த மேலதிகாரியோ கடிகாரமும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

சுகாதார ஆய்வாளர் மறுபடியும் போன் போட்டுப் பார்த்தார். வெள்ள காலத்து அவசர உதவிக்காக நர்ஸம்மா, கொசுமருந்துக்காரர், ஓட்டுநர் மூவரையும் ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தார். போன மாதம் அலுவலக வாசலில் நிஜமாகவே ஒருவர் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, மூவரும் செய்த ஒரே உதவி ஆளுக்கொரு திசையில் ஓடியதுதான். இன்றும் சொதப்பினால் குழுவையே கலைத்துவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

"விடுங்க, நானே விழறேன்" என்று மாடிப்படி ஏறினார் ஆய்வாளர். மூன்றாவது படியிலிருந்து நாசூக்காகச் சரிவதாகத் திட்டம். ஆனால் ஈரப் படி வழுக்கிவிட்டது. மளுக்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ! நிஜமாவே கால் போச்சு! பயிற்சிய நிறுத்துங்க!"

"நோயாளி நிஜம்னுதான் கத்துவான், நம்பிடாதீங்கன்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?" என்றார் கொசுமருந்துக்காரர்.

அவர் இன்னும் உரக்கக் கத்தினார். "மூச்சு நல்லா இருக்கு" என்று குறித்துக்கொண்டார் நர்ஸம்மா. கோபத்தில் ஆய்வாளர் கண்ணையும் வாயையும் இறுக மூடிக்கொண்டார். உடனே யாரோ பையிலிருந்து, இறந்தவருக்கு மாட்டும் கறுப்பு அட்டையை உருவினார்கள்.

"யோவ், உயிரோடதான் இருக்கேன்!"

"அப்போ மஞ்சள் அட்டை."

"சார், நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று மேலதிகாரியைப் பார்த்துக் கெஞ்சினார். மேலதிகாரி கை தட்டினார். "அடேயப்பா, என்ன நடிப்பு!"

அப்போதுதான் ஆய்வாளர் தன் காலைக் கவனித்தார். நேற்று வரை தவறான காலுக்கே கட்டுப் போட்ட நர்ஸம்மா, இருபக்கமும் பலகை வைத்துச் சரியான காலைக் கட்டிக்கொண்டிருந்தார். விரல் துளிகூட நடுங்கவில்லை. "பயிற்சிதான், பயிற்சிதான்" என்று ஜபம்போல் முணுமுணுத்தபடி கொசுமருந்துக்காரர் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தூக்க, ஓட்டுநர் மறுமுனையைத் தூக்கினார். கொஞ்சமும் சாயவில்லை. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு பள்ளத்தையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு தாண்டியது. இவர்களா அவர்கள்! ஆய்வாளர் வலியை மறந்து வாய் பிளந்தார். பெருமையில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "எலும்பு ரெண்டா உடைஞ்சிருக்கு. கட்டினது யாரு? இவ்வளவு நேர்த்தியா கட்டியிருக்காங்க, எலும்பு கொஞ்சமும் நகரல."

பின்னாலேயே வந்திருந்த மேலதிகாரிக்கு வேர்த்துவிட்டது. குழுவைக் கலைக்கும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

"பார்த்தீங்களா? நிஜம்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தராவது நம்பினீங்களா?" என்றார் ஆய்வாளர்.

நர்ஸம்மாவுக்கு இப்போதுதான் கை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்திருந்தது. ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொசுமருந்துக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"மளுக்குன்னு கேட்டப்பவே தெரியும் சார்... நிஜம்னு ஒத்துக்கிட்டிருந்தா, மூணு பேரும் வழக்கம்போல ஓடியிருப்போமே!"