குறைக்காரர் பார்த்த அறுபது பந்துகள்

ஆரணியில் அவர் கண்ணுக்குத் தப்பிய குறை என்று ஒன்று இருந்தால், அது அவர் ஊரில் இல்லாத நாளில் பிறந்திருக்க வேண்டும். அவர் ஊரைவிட்டு எங்கும் போகிறவர் இல்லை என்பதால் அந்த வாய்ப்பும் கிடையாது.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டு தவிர வேறெதுவும் அதை உபயோகித்ததில்லை. ஊருக்கு அவர் குறைக்காரர். பட்டுப் புடவைக் கடை ஒன்றில் சரக்குப் பார்ப்பது உத்தியோகம். நெசவாளர் கொண்டுவரும் புடவையை ஜன்னலோரம் விரிப்பார், திருப்பிப் போடுவார். அறுந்த இழை, எண்ணெய்க் கறை, கோணல் பார்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் குத்துவார். குறை இல்லாத புடவையை வாய் திறக்காமல் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையாக அந்த ஊருக்குப் போன நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஊரில் எனக்கு வேறு யாரையும் தெரியாது. முதல் வாரமே என் கதவில் சீட்டுகள் தொங்க ஆரம்பித்தன. காபியில் தண்ணி அதிகம். காலர் அழுக்கு. ஒரு நாள் நேரிலேயே கேட்டார்: "இன்னா சார், படி எறங்கறப்ப எடது கால மட்டும் தொம்முனு வைக்கிறீங்க?"

கீழே அவர் தனி ஆள். மனைவி ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நான் இருந்த இரண்டு வருஷமும் அந்த அம்மாள் ஊருக்குப் போயிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்லூரி மைதானம். ஒரு நாள் அங்கிருந்து பேஸ்பால் பந்து ஒன்று மதில் தாண்டி வந்து விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் திருப்பி எறிந்திருப்பார்கள். இவர் அதை ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் சிவப்பு நூல் தையலை எண்ணினார். நூற்றெட்டு. பந்தைத் தேடிக்கொண்டு வந்த பெண்ணிடம் பந்தோடு ஒரு சீட்டும் கொடுத்தார்: 'மூன்று தையல் லூசு.'

அவள் ஸ்டெல்லா. கல்லூரிப் பெண்கள் அணியில் பந்து எறிபவள். சீட்டைப் படித்துவிட்டு அவள் சிரிக்கவில்லை.

"அதாங்கண்ணா கோணலா போவுது! நான் என் கைதான் சரியில்லனு நெனைச்சுகினு இருந்தேன்."

"கையும் சரியில்லமா" என்றார் குறைக்காரர்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மைதானத்து மதில்மேல் அவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் செல்போனில் அமெரிக்க மேட்ச் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவுக்குச் சீட்டு எழுதினார்: 'தோள் முன்னாடியே திரும்புகிறது.' 'எறியும் முன் நாக்கைக் கடிக்கிறாள், என்ன பந்து வருகிறதென்று எதிராளிக்குத் தெரிந்துவிடும்.' ஒரு நாளைக்குப் பத்துச் சீட்டாவது வரும். அவள் அத்தனையையும் பைக்குள் சேர்த்து வைத்தாள்.

"எப்டி எறியணும்னு நீங்களே சொல்லிக் குடுங்களேண்ணா."

"அது என் வேல இல்லமா. நான் நெய்யறவன் இல்ல, பாக்கறவன்."

எறிந்ததைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அது நான். எனக்கு வந்த ஒரே சீட்டு: 'பிடிக்கும்போது கண்ணை மூடுகிறார்.' மூடாமல் என்ன செய்வது? வருகிற வேகம் அப்படி.

படிப்பு முடிந்த கையோடு ஸ்டெல்லாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. ஒரு திங்கட்கிழமை செய்யார் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும். போகாவிட்டால் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதே திங்கட்கிழமை சென்னையில் மாநில அணித் தேர்வு. ஞாயிறு சாயங்காலம் குறைக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"அறுபது பந்து போடறேங்கண்ணா. தேறுவேனா மாட்டேனா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

போட்டாள். எனக்கு இரண்டு விரல் வீங்கியது. அறுபதாவது பந்துவரை குறைக்காரர் கண்ணிமைக்காமல் பார்த்தார். நோட்டில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. மூடி கக்கத்தில் வைத்துக்கொண்டு, மதிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டெல்லா கையிலிருந்த பந்தைப் பைக்குள் போட்டாள். "எழுதற அளவுக்குக்கூட ஒண்ணுமில்ல போல சார்" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வீட்டுக்கு வந்து கத்தினேன். அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"கொற இருந்தாத்தான சார் எழுதணும்?"

"அண்ணே, அதை அவகிட்ட சொன்னீங்களா?"

"அதச் சொல்லணுமா இன்னா?"

"சொல்லாம எப்படித் தெரியும்?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அவளும் அதான் கேட்டா" என்றார். மனைவியைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கொழம்புல உப்பு இல்லனா சொல்வேன். நல்லாகீற அன்னிக்கு சாப்ட்டு எந்திரிச்சிடுவேன். அவ வந்தவாசிக்குப் போய் ஆறு வருசம் ஆவுது."

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன். "ஆறுதலுக்குச் சொல்றீங்க சார். அண்ணன சொல்லச் சொல்லுங்க" என்றாள். போனை அவர் காதில் வைத்தேன். இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவளே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றோம். குறைக்காரர் சலவைச் சட்டை போட்டிருந்தார். செய்யார் கம்பெனி பஸ் வந்தது. ஸ்டெல்லா படியில் கால் வைத்தபோது அவர் முன்னால் போய் நின்றார்.

"ஷூ லேசு அவுந்துகினு கீதுமா."

அவள் குனிந்து பார்த்தாள்.

"பை ஜிப்பு சரியில்ல."

"யோவ், ஜல்தி சொல்லித் தொலையா, ஷிப்ட்டுக்கு நேரமாவுது!" என்றார் டிரைவர்.

குறைக்காரர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். "பந்து... அறுபது பந்தும் பாத்தேம்மா. கொற இல்ல. ஒண்ணுலகூட இல்ல. நீ நல்லா போடற."

ஸ்டெல்லா படியிலிருந்து காலை எடுத்தாள். கம்பெனி பஸ் போய்விட்டது. அடுத்த கால்மணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சென்னை பஸ் ஏறினாள். அணியில் எடுத்தார்கள். அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் வருவது குறைந்துவிட்டது.

அன்று அவள் பஸ் போன பிறகும் குறைக்காரர் நகரவில்லை. வந்தவாசி பஸ் ஒன்று வந்தது. படிவரைக்கும் போனார். கண்டக்டர் விசில் ஊதினார், இவர் பின்னுக்கு வந்துவிட்டார். அடுத்ததும் அப்படியே போயிற்று. மூன்றாவது பஸ்ஸும் கிளம்பியதும், "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்றார். காலி வீட்டுக்கு இரண்டு பேரும் நடந்து திரும்பினோம். அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எனக்கு மாற்றலாகி இரண்டு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்குப் போன் செய்கிறேன். என் குரல், என் வேலை, நான் போன் செய்கிற நேரம் எல்லாவற்றிலும் இருபது நிமிஷத்துக்குக் குறை சொல்வார். நானும் உம் கொட்டிக்கொண்டு கேட்பேன். வைத்த பிறகுதான் அன்றைய நாள் எனக்குத் தொடங்குகிறது. இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. வருகிற ஞாயிறு, அவர் ஆரம்பிப்பதற்கு முன்னால், சொல்லிவிட வேண்டும்.