மூச்சை எண்ணிய டீச்சர்

"ஹார்ன் அடிச்சேன் டாக்டர். மூணு தடவை அடிச்சேன். அது நகரவே இல்ல" என்று நாலாவது முறையாகச் சொன்னாள் பரிபூரணம் டீச்சர்.

அவள் வண்டி ஏறிக் கால் ஒடிந்து, கால்நடை ஆஸ்பத்திரி மேஜைமேல் கிடந்தது வீரா, எதிர்வீட்டு வைகுண்டராஜின் வெள்ளை நாய். அவர் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்புவதற்குள் இது செத்துப்போனால் எந்த முகத்தோடு எதிர்வாசலைப் பார்ப்பது?

தஞ்சாவூரிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் கட்டுப் போட்டு, பெத்திடின் ஊசியும் போட்டார். "வலி அடங்கிடும். கூடவே மூச்சும் கொஞ்சம் அடங்கும். அப்பப்பப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. காதையாவது அசைக்கணும். இல்லன்னா ஆள் அனுப்புங்க."

எட்டாம் வகுப்புக்குச் சுவாச மண்டலம் நடத்துகிறவளுக்கா இதைச் சொல்ல வேண்டும்? நாயை வீட்டுக் கூடத்தில் கிடத்தி, கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். நிமிஷத்துக்குப் பதினாறு. பதினாலு. பன்னிரண்டு. நாயின் மூச்சு இறங்க இறங்க டீச்சரின் மூச்சு ஏறிக்கொண்டே போனது.

"வீரா!"

காது அசையவில்லை.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. "வீரா, ரா ரா!"

தெலுங்குக்கும் அசையவில்லை. தாம்பாளத்தை எடுத்துக் கரண்டியால் அடித்தாள்.

"என்ன டீச்சர், பேய் ஓட்டுதீகளா?" என்று சன்னலில் எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு அங்காளம்மாள்.

ஆள் போனது. கம்பவுண்டர் சங்கிலிப்பாண்டி, பெத்திடினை முறிக்கும் மாற்று ஊசியோடு வந்தார்.

"டீச்சர், இது மூச்சை மட்டும் திருப்பித் தராது. வலியையும் சேத்துத் திருப்பிரும். போடவா?"

"போடுங்க, போடுங்க!"

மூச்சு வந்தது. வலியும் வந்தது. வீரா தெருவே அதிர ஊளையிட்டது.

"பேசாம அந்தப் பழைய ஊசியையே போட்டிருங்களேன்."

"இது இறங்காம அது ஏறாது டீச்சர். ஒரு மணி நேரம் பொறுக்கணும்."

"வண்டி ஏத்துனது பத்தாதுன்னு வீட்டுக்குள்ள வச்சும் அடிக்காகளே!" என்று அங்காளம்மாள் தெருவுக்கு அறிவித்தாள்.

அந்த ஒரு மணி நேரமும் நாய் அழுதது. டீச்சர் தன்னைத்தானே விசாரித்தாள். ஹார்னை மூன்று தடவையா அடித்தோம்? இரண்டுதானோ? ஹார்னில் விரல் பட்ட ஞாபகமே இல்லையே. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றுகிறவள் அவள். நாயின் அழுகை ஓய்வதற்குள் தன்னை மனசுக்குள் பெஞ்சுமேல் ஏற்றிவிட்டாள்.

எதிர்வீட்டில் வேலை செய்யும் கருத்தம்மா நாய்க்குப் பால்சோறு கொண்டுவந்தாள்.

"கருத்தம்மா, தப்பு எம்மேலதான்" என்றாள் டீச்சர். "எல்லார்கிட்டயும் ஹார்ன் அடிச்சேன்னு சொல்லிட்டேன். அடிச்சிருக்க மாட்டேன். அடிச்சிருந்தா அது நகர்ந்திருக்கும்."

கருத்தம்மா குதிகாலால் தரையை இரண்டு தரம் மிதித்தாள். வீரா தலையைத் தூக்கி, வாலை ஆட்டியது.

"நீங்க நாள் பூரா அடிச்சிருந்தாலும் நகராது டீச்சர், அதுக்குப் பொறவியிலேயே காது கேக்காது."