ஈர்ப்பு விசை குறித்த திருத்திய ஆணை

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் ஃபெபி டீச்சர். அவருடைய மாணவி கோமு, வட்டார அறிவியல் அலுவலகம் நடத்திய தேர்வில் தொண்ணூற்றொன்பது வாங்கினாள். நூறு வாங்கியவர்களுக்குத்தான் பெங்களூரு கோளரங்கப் பயணம். கோமு ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஒரு மதிப்பெண் இந்தக் கேள்வியில்தான்: இரு பொருள்களுக்கு இடையே உள்ள தொலைவு இரண்டு மடங்கானால் ஈர்ப்பு விசை என்ன ஆகும்? கோமு குறித்தது 'நான்கில் ஒன்று'. அலுவலக விடைக்குறிப்பில் இருந்தது 'பாதி'.

டீச்சர் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் கொம்பையா மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"ஒரு பொருளோட நிறை ரெண்டு மடங்கானா விசை என்ன ஆகும் டீச்சர்?"

"ரெண்டு மடங்காகும் சார்."

"அப்போ தூரம் ரெண்டு மடங்கானா பாதியாத்தான ஆகணும்? நிறைக்கு ஒரு நியாயம், தூரத்துக்கு ஒரு நியாயமா? அரசாங்கம் பாரபட்சம் காட்டப்பிடாது, பாத்துக்கிடுங்க."

"தூரத்தோட வர்க்கத்தால வகுக்கணும் சார். ரெண்டு ரெண்டு நாலு."

"ஒரே தூரத்துக்கு ரெண்டு தடவையா வகுக்கச் சொல்லுதிய? தணிக்கையில ஆட்சேபணை போட்டுருவாவ."

டீச்சர் பாடப்புத்தகப் பக்கத்தை நகலெடுத்து, அதற்குச் சான்றொப்பமும் வாங்கி மனு கொடுத்தார். மூவர் குழு அமைந்தது. ஒருவர் பாதி என்றார். ஒருவர் கால் என்றார். மூன்றாமவர் இருவருக்கும் வேண்டியவர். மறுவாரம் ஆணை வந்தது:

'மேற்படி விசையானது, அனைத்துத் தரப்பினரின் உணர்வுகளையும் கருத்தில் கொண்டு, மறு உத்தரவு வரும்வரை மூன்றில் ஒரு பங்காக இருக்கும் என இதன்மூலம் ஆணையிடப்படுகிறது.'

அதுவரை நூறு வாங்கியிருந்த பதினேழு பேரும் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கினார்கள். மற்ற எல்லாவற்றையும் சரியாகப் போட்டு, இதற்கு மட்டும் மூன்றில் ஒன்றைக் குறித்தவன் வட்டாரத்திலேயே எஸ்றா ஒருவன்தான். அவனுக்குப் பாராட்டு விழா நடந்தது.

"எப்படிலே இதைக் கண்டுபிடிச்ச?" என்று மேடையில் கொம்பையா கேட்டார்.

"விடை தெரியல சார். கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொட்டேன்."

"பிள்ளையோட அடக்கத்தைப் பாருங்க" என்றார் கொம்பையா. எல்லாரும் கைதட்டினார்கள்.

எஸ்றா பெங்களூரு போனான். அவன் படித்த டியூஷன் வாசலில் 'ஈர்ப்பு விசையில் வட்டார முதலிடம்' என்று ஃப்ளெக்ஸ் ஏறியது. கோமுவின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரைப் பார்த்தார்.

"கோவிச்சுக்கிடாதிய டீச்சர். நீங்க சொல்லிக்குடுத்தது சரிதான். ஆனா மார்க்கு வேணும்லா. அவளை அந்த டியூஷன்ல சேக்கப் போறேன்."

டீச்சர் வீட்டுக்கு வந்து கணவர் ஜாபேஸிடம் சொல்லி அழுதார். அவர் முழுதும் கேட்டுவிட்டுப் பைய, "நம்ம பயலும் அடுத்த வருசம் பத்தாவதுல்லா" என்றார்.

திங்கட்கிழமை டியூஷன் வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. முன்னால் கோமுவின் அப்பா. நாலு பேர் தள்ளி, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஃபெபி டீச்சர். விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு 'இல்லத்தரசி' என்று எழுதினார்.